பாட்டில்லாத பாட்டு கேட்டவர்

யட்டியாந்தோட்டை பஸாரில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில் நான் ஏழு வருடம் வேலை செய்தேன். கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை அது. வருகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் பாட்டுகளின் முதல் வரிகளை எழுதித் தருவார்கள். நான் ஒரு டெக்கில் பாட்டை ஓடவிட்டு மற்ற டெக்கில் பதிவேன். பிறகு கெசட் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் பட்டியலைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். பஸாரிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் அவர். சின்னவர் பெரியவர் எல்லாரும் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்கிற மாதிரி.

எங்கள் வீடு கரவனெல்லைக்குப் போகும் வழியில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. அப்படிப்பட்ட காலைகளில் லயம் முழுவதும் விழித்தபடியே தூங்கும். அடுப்புப் புகை கூரையைத் தாண்டாமல் நிற்கும். யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். கடையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டதும் எனக்கு அந்த மழைக்காலைதான் வந்துவிடும். பஸார் வாயை அசைத்துக்கொண்டே சத்தமில்லாமல் நகரும்.

தொண்ணூறுகளின் நடுவில், மேலே ஒரு தோட்டத்தில் மனேஜராக இருந்த பெரிய துரை வேலையை விட்டுப் போனார். பங்களாச் சாமான்களை விற்றபோது நானா இரண்டு பெட்டி நிறையக் கெசட் வாங்கி வந்தார். அதில் என்ன பாட்டு இருந்தது என்று அவர் பார்க்கவில்லை.

“வெளிநாட்டு டேப் புள்ள. ஒரு பழுதும் இல்லாம ஈக்கி. எல்லாத்தையும் அழிச்சிட்டு நம்மட பாட்ட அடிக்கலாம்” என்றார்.

கெசட்டின் முதுகில் இரண்டு சின்னத் தக்கைகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. துரை எல்லாக் கெசட்டிலும் உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளைச் செலோடேப் ஒட்டி மூடினால் டெக் ஏமாந்துபோய்ப் பதிந்துவிடும். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. முதல் நாளே நாலு கெசட்டை அழித்தேன். ஐந்தாவதில் செலோடேப் ஒட்டுவதற்கு முன், சும்மா, என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

ஒரு கிட்டார். வேறொன்றும் இல்லை. கண்ணாடித் துண்டால் கம்பியை மெதுவாக வழித்தது மாதிரி ஒரு சத்தம். ஒரு சுரத்தில் போய் நிற்காமல், அதற்குப் பக்கத்தில் போய் நின்றது. நிற்கும்போது நடுங்கியது. அட்டையில் துரையின் சாய்ந்த கையெழுத்தில் ‘ப்ளூஸ்’ என்று மட்டும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எனக்கு வெறும் சித்திதான், பாஸ் பண்ணும் அளவு மார்க். நீல நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி ஒரு பக்கம் முழுவதையும் கேட்டு முடித்தேன். வாசலில் ஒருவர் கெசட் வாங்க வந்து நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கேட்டேன். ப்ளூஸ் என்று எழுதியிருந்த பதினான்கைப் பழுதான கெசட் போடும் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். நானா அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை.

அந்த நாட்களில்தான் ஒருவர் கடைக்கு வந்தார். யட்டியாந்தோட்டைக்கும் ருவான்வெல்லைக்கும் இடையே, கரவனெல்லை வழியாக ஓடிய ஒரு பிரைவேட் பஸ்ஸின் சாரதி. நாற்பது வயது இருக்கும். ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து ஆள்தான் அவரும். நான் தினமும் வீட்டுக்குப் போவது அவருடைய பஸ்ஸில்தான் என்பதால் முகம் தெரியும்.

“தங்கச்சி, பாட்டு இல்லாத பாட்டு இருக்குங்களா?” என்று கேட்டார்.

“அப்படின்னா என்னாண்ணே?”

“வாசிக்கிறது மட்டும். யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் ஒரு பஸ்ஸில் எந்த மொழிப் பாட்டு ஓடுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. தமிழ்ப் பாட்டுப் போட்டால் பின் சீட்டிலிருந்து ஒருவர் நிறுத்தச் சொல்வார். சிங்களப் பாட்டே போட்டுக்கொண்டிருந்தால் எங்கள் ஆட்கள் இறங்கும்போது ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்குவார்கள். அதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்து, புல்லாங்குழலில் வாசித்த சினிமாப் பாட்டுகள் இருந்த கெசட் ஒன்றை எடுத்தேன்.

“இது வேணாங்க. இதுல வார்த்தை தானா வந்துருது. குழல் வாசிக்குது, மனசு பாடுது. அப்புறம் பாட்டு எழுதுனவரு நெனச்சதத்தான் நானும் நெனச்சிக்கிட்டு வண்டி ஓட்டணும்” என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டு, “எனக்கு என் நெனப்பு வேணும்ங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

பஸ்ஸுக்காக மட்டும் அவர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கிட்டார் கெசட்டை எடுத்து, நான் கேட்ட அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெறுமையாகவே விட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் ஏறியபோது அது ஓடிக்கொண்டிருந்தது. பஸ் களனி கங்கையின் ஓரமாகப் போனது. ரப்பர் மரங்களின் நிழல் வரிவரியாக உள்ளே வந்து, ஆட்களின் மடிமேல் நடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது. கிட்டார் எங்கோ ஆற்றுக்கு அடியில் வாசிப்பது போல இருந்தது. நடுவில் நின்றவர்கள்கூடக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார்கள். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் ஒரு சிங்கள மனிதர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர்தான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“நீங்க குடுத்த கெசட்தானே? இதப் போட்டா ஆள் எல்லாம் நித்திர. இறங்குற இடத்த விட்டுட்டுத் திரும்பி வாறாங்க. எனக்குத்தான் ஏச்சு.”

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு முறை கடைக்கு வருவார். எதை முதலில் கொடுப்பது, எதைப் பிறகு கொடுப்பது என்று நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தேன். கிட்டாருக்கு அடுத்து, மௌத் ஓர்கன் தனியாக வாசித்த ஒன்று. அதில் ரயில் ஒன்று ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதற்கு அடுத்து பியானோ: இடது கை நடந்துகொண்டே இருக்க, வலது கை நின்று நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். பியானோவை அவர் ஒரு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா கால் ஆக்சிலேட்டர அமுக்கச் சொல்லுது” என்றார். மௌத் ஓர்கனை மாதக்கணக்கில் வைத்திருந்தார்.

பிறகு என்னிடம் வெறும் வாத்தியம் தீர்ந்துபோனது. மிச்சம் இருந்த கெசட் எல்லாவற்றிலும் பாடினார்கள். பதினான்கிலும் நான் அதிகம் கேட்டது அவற்றில் ஒன்றைத்தான். வயதான ஒரு மனிதர், ஒரு கிட்டார், அவ்வளவே. நம்பிக்கையோடு அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது.

“ஆளு பேசுறாருங்களே.”

“பாடுறாருண்ணே. நல்லாப் பாடுறாரு. நமக்கு ஒண்ணும் விளங்காது, அதனால...”

“விளங்காட்டியும் வார்த்தை வார்த்தைதானுங்க. யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்கு. திரும்பித் திரும்பிப் பாக்குறேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல கிட்டாரை இந்த மனிதர் கேட்காமல் போவதா? பாடுகிறவர் ஒரு வரி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் கிட்டார் வாசிக்கும். மறுபடி அதே வரி, மறுபடி கிட்டார். மூன்றாவதாக வேறு ஒரு வரி. அந்தக் குரலை வெட்டி எடுத்துவிட்டு, கிட்டாரை மட்டும் ஒட்டவைத்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்று நாள் அந்த வேலையைச் செய்தேன். இரண்டு டெக்கையும் ஓடவிட்டு, குரல் வரும்போது ஒன்றை நிறுத்தி, குரல் முடிந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். குரல் வருவதற்கு முன் அவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் சின்னதாகக் கேட்கும். அதுதான் எனக்கு அடையாளம். அது கேட்டதும் விரலை அமுக்குவேன். ஹெட்போனுக்குள் உட்கார்ந்து அந்த மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வெளியே நடப்பவர்கள் மூச்சு இழுத்தாலும் விரல் துடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில் இருபது நிமிடக் கிட்டார் கிடைத்தது. பெருமையோடு அதை அவரிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். கெசட்டை மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, இதுல யாரையாச்சும் வெட்டிட்டீங்களா?”

நான் கெசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

“ஒரு ஆளு மூச்ச இழுக்கிறாரு. ஏதோ சொல்ல வாறாரு. அப்புறம் ஆளக் காணோம். கிட்டாரு பதில் சொல்லுது. யாருக்குச் சொல்லுது? திரும்ப மூச்ச இழுக்கிறாரு. திரும்பக் காணோம். கரவனெல்ல வளைவுல எனக்கு நெஞ்ச அடச்சிருச்சுங்க. வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டுனேன்.”

“உங்களுக்குப் பாட்டு வேணாம்னுதானே...”

“வேணாம்தான். ஆனா பாவம்ங்க. அவரையும் விட்டுருங்க.”

நான் அப்போதே முழுப் பாட்டையும் திரும்பப் பதிந்து கொடுத்தேன். அதை அவர் உடனே போடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அது பஸ்ஸின் கண்ணாடிக்குக் கீழே, வாடிப்போன மல்லிகைச் சரத்தின் பக்கத்தில் கிடந்ததை நான் தினமும் பார்த்தேன். பழைய கிட்டாரே ஓடிக்கொண்டிருந்தது.

பெருமழை தொடங்கியிருந்த மாதத்தில் ஒரு நாள், ருவான்வெல்லையில் ஒரு கடைக்குப் பதிந்த கெசட்டுகளைக் கொடுத்துவிட்டு வரும்படி நானா என்னை அனுப்பினார். மத்தியான நேரம், அவருடைய பஸ்தான். கரவனெல்லை ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மேட்டு மண் சரிந்து, ஒரு ரப்பர் மரத்தையும் இழுத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மண்ணை வழிக்க ஆட்கள் வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பஸ் முழுக்க ஆஸ்பத்திரி கிளினிக்கிலிருந்து திரும்பும் ஆட்கள். யன்னல்களை ஏற்றிவிட்டு, ஈரக் குடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. ரோடு, மரம், ஆறு எதுவுமே இல்லாத ஓர் இடத்தில் பஸ் நிற்பது போல இருந்தது.

சாரதி பழைய கெசட்டை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டார். ஏன் அப்போது போட்டார் என்று நான் கேட்டதில்லை. வண்டி ஓடவில்லை, திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கலாம்.

அந்த வயதான குரல் மூச்சை இழுத்தது. இந்த முறை வந்தது.

பஸ்ஸில் பேச்சு அடங்கியது. யாருக்கும் அந்தப் பாஷை சரியாக விளங்காது. அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. என் முன் சீட்டில் ஒரு சிங்கள ஆச்சி, கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, “கவுத புதே மே அண்டன்னே?” என்றார். மகனே, யார் இது அழுகிறது என்று.

கண்டக்டர், அழுகை இல்லை ஆச்சி, பாட்டு என்றார்.

ஆச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஏன் ஒரே பேச்சை இரண்டு தரம் சொல்கிறான் என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: முதல் தரம் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் சிங்களம் தெரியாதவர்களே கிடையாது. எல்லாரும் சிரித்தோம். சாரதியும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவர் நெற்றியை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் கெசட்டைத் திருப்பிப் போட்டார். மழையின் சத்தமும் கிட்டாரும் ஒன்றாகிவிட்டன. எனக்கு அரைத் தூக்கத்தில், ஏறும்போது இருந்ததைவிட அதிகம் பேர் பஸ்ஸில் இருப்பது போலவும், எல்லாரும் ஒரே வீட்டுக்குப் போவது போலவும் இருந்தது.

மண்ணை வழித்து முடித்து ருவான்வெல்லையில் போய் இறங்கும்போது, அவர் எஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்.

“அவரு என்னா சொல்றாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

“கொஞ்சம் கொஞ்சம் தெரியும்ணே. சொல்லவா?”

“வேணாம். சொல்லாதீங்க.”

பாடுகிறவர்கள் யார் என்பதை மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னேன். ஒரு பெட்டிக்குள் இருந்த அச்சுத் தாளை அகராதி வைத்துப் படித்திருந்தேன். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பு மனிதர்களின் பாட்டு அது. அவர்களுடைய பாட்டன்மாரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்களாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். “பருத்திக்காட்டுல மழை பெஞ்சா வேலை உண்டுங்களா?” என்று கேட்டார்.

சில வாரம் கழித்து ஒரு மழைநாள் காலை, சேலைத் தலைப்பால் தலையை மூடியபடி ஒரு பெண் கடைக்கு வந்தார். கைவிரல்களில் ரப்பர் பால் காய்ந்த கறுப்பு. நான் யாரென்று உறுதி செய்துகொண்டு, “நான் பஸ்காரர் சம்சாரம்” என்றார். பஸாரில் யார் என்ன சொல்லியிருப்பார்களோ என்று பயந்தேன்.

“எங்க வீட்டு ஆளு ஒரு கெசட்டு போடுறாரே, ஒரு கெழவரு பாடுறது. நீங்கதான் குடுத்ததாம்.”

“ஆமாக்கா.”

“அது என்னா சொல்லுதுன்னு எழுதிக் குடுங்க.”

“அண்ணன் வேணாம்னு சொன்னாரே.”

“அவருக்கு வேணாம். எனக்கு வேணும். நான் பாட்டுக் கேக்குறதே வார்த்தைக்குத்தான். இவரு ஒண்ணும் பேசவும் மாட்டாரு, பேசுற பாட்டும் கேக்க மாட்டாரு. இப்ப ஒருத்தர் பேசுறதக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அப்பிடி என்னாதான் சொல்றாரு அந்த ஆளு?”

ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓடவிட்டு நிறுத்தி, அகராதியைப் புரட்டி, விளங்கியதை எழுதினேன். வீட்டுக்கு வந்தேன், கதவு திறந்திருந்தது. அடுப்பு சூடாக இருந்தது, நீ இல்லை. இப்படி ஒரு பக்கம் வந்தது. அவர் வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

“ஒரே வரிய ரெண்டு வாட்டி எழுதியிருக்கீங்களே?”

“அவரே ரெண்டு வாட்டித்தான்க்கா பாடுறாரு.”

“அவ எங்க போனாளாம்?”

“அது சொல்லலை.”

“இவரு தேடிப் போவலியா? யாருகிட்டயும் கேக்கலியா?”

“அதுவும் இல்லக்கா.”

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “கேட்டிருந்தா எதுக்குப் பாடப்போறாரு” என்றார். கோபமாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டார். பல வருடம் கழித்து, ஆங்கிலம் கொஞ்சம் தேறிய பிறகு அதே பாட்டைக் கேட்டேன். அன்று எழுதிக் கொடுத்ததில் பாதி தப்பு. அடுப்பு என்று நான் எழுதியது அடுப்பே இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காலம் அதன் பாட்டில் போனது. சீடி வந்தது, கெசட் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு சிங்களப் புதுவருடத்துக்கு முன், வெறும் கெசட் தட்டுப்பாடாக இருந்தபோது, நானா பழுதுப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். நான் காய்ச்சலில் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது பதினான்கில் ஒன்பதின் ஓட்டைகளில் செலோடேப் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. நானா பதறிப்போனார். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பனா புள்ள? யாரு கேக்குறதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். சொல்லாமல் ஒளித்தது நான்தான். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. பிறகு கடை டெலிபோன் கார்டு விற்கும் கடையானது. நான் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியையாகப் போனேன்.

யுத்தம் முடிவதற்கு ஓரிரு வருடம் முன்பு, சாரதியின் மகளுக்குச் சடங்கு என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். போனேன். லயத்து வாசலில் பந்தல். இரண்டு பெரிய ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அதிர்ந்தது. பந்தலில் அவரைக் காணவில்லை. மனைவிதான் என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். தலை பாதி நரைத்திருந்த அவர், ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து மௌத் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். எப்போது கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். “கத்துக்கலைங்க, சும்மா ஊதுறது” என்றார்.

“வாசிங்கண்ணே, கேப்போம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முன்பெல்லாம் அவருக்குப் பிடித்த கிட்டார் மெட்டைத்தான் வாசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசித்தது அந்தக் கிழவர் பாடிய வரியை. மூச்சை இழுக்கும் இடம், குரல் உடையும் இடம், எல்லாம் அப்படியே. ஒரு வரியை வாசித்துவிட்டு, கிட்டாருக்கு உரிய நேரத்தை வெறுமையாக விட்டு நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் அவர் மனைவி, “இங்கேயே ஒக்காந்திருந்தா பந்திய யாரு பாக்குறது?” என்றார்.

அவர் அதே வரியை மறுபடி வாசித்து நிறுத்தினார்.

“கேக்குதா இல்லியா? மாமன் வீட்டு ஆளுங்க வந்து நிக்கிறாங்க.”

மூன்றாவது வரியையும் வாசித்து முடித்துவிட்டு, அவர் சிரித்தபடி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளை மனைவி தட்டிவிட்டார். மூன்று பேரும் பந்தல் பக்கம் நடந்தோம்.